இங்கிலாந்தின் சமய, சமூக வரலாற்றை ஒரே ஒரு கிராமத்திலிருந்து ஆராய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலாக உட்கார்ந்து படித்த ஆங்கிலேயக் கோயில் பதிவேட்டில் ஒரு தம்பதிக்கு 1640 மே மாதம் கல்யாணம். அதே தம்பதியின் பிள்ளைக்கு 1640 பிப்ரவரியில் ஞானஸ்நானம். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே பிள்ளை பிறந்திருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி, ஆச்சரியக்குறி போட்டு, அந்தக் காலத்துக் கிராமத்து ஒழுக்கம் பற்றி அரைப் பக்கத்துக்கு வியாக்கியானமும் எழுதிவிட்டேன். அத்தனையும் குப்பை. அன்றைய இங்கிலாந்தில் வருடம் பிறப்பது மார்ச் 25ஆம் தேதி. அதனால் 1640 மே முதலில் வரும். 1640 பிப்ரவரி அதற்கு ஒன்பது மாதம் கழித்து வரும். நம் கணக்கில் அது 1641. எனக்குக் காலண்டர் தெரியாததற்கு அந்தப் பெண் பழி சுமந்தாள்.

முதுகலை ஆய்வேட்டுக்கோ முனைவர் பட்டத்துக்கோ, அல்லது வெறும் ஆர்வத்துக்கோ, இங்கிலாந்தின் சமய வரலாற்றில் கை வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விமானம் ஏறாமலே தொடங்கலாம். ஆனால் தொடங்கும் இடம் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிமார் அல்ல.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"இங்கிலாந்தில் சீர்திருத்தம் (கத்தோலிக்க நாடு புராட்டஸ்டன்ட் நாடாக மாறியது) ஏன் வந்தது?" என்ற கேள்வியோடு வருபவர்கள் ஆறே மாதத்தில் காணாமல் போவார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு நூலகமே பதில் எழுதி வைத்திருக்கிறது. ஒரு பாரிஷைப் பிடியுங்கள். பாரிஷ் என்றால் நம் கத்தோலிக்கர் சொல்லும் பங்கு, தென்னிந்தியத் திருச்சபைக்காரர் சொல்லும் சேகரம் மாதிரிதான். ஒரு கோயில், ஒரு குருவானவர், சுற்றியுள்ள வீடுகள். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கிலாந்தில் அதுவே அரசாங்கத்தின் கடைசிப் படியுமாக இருந்தது. வரி, ஏழைகளுக்குப் படி, சாலை பராமரிப்பு எல்லாம் அதன் வழியாகவே நடந்தன. இப்படி ஏறத்தாழ பத்தாயிரம் பாரிஷ்கள். சமய வரலாறும் சமூக வரலாறும் ஒரே பெட்டிக்குள் கிடப்பது அதனால்தான்.

பாரிஷோடு ஐம்பது வருடத்தையும் வரையறுத்துக்கொள்ளுங்கள். பிறகு கேள்வி தானாகக் கூர்மையாகும். "1547க்கும் 1560க்கும் நடுவில் இந்தக் கோயிலின் சிலைகள் எங்கே போயின, அதற்கான கூலியை யார் கொடுத்தார்கள்?" இது கேள்வி. "1662க்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவர்கள் யார், அவர்கள் வீட்டில் எத்தனை அடுப்பு இருந்தது?" இது இன்னும் நல்ல கேள்வி. அடுப்பு எங்கிருந்து வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

பாரிஷைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் அழகைப் பார்க்காதீர்கள். எந்த ஊரில் குறைந்தது மூன்று வகை ஆவணம் பிழைத்திருக்கிறது என்று பாருங்கள். பதிவேடு மட்டும் இருக்கும் ஊரில் பிறப்பும் இறப்பும் தெரியும், வாழ்க்கை தெரியாது.

படி 2: சட்டங்களை வரிசையாக எழுதி மேசைக்கு மேல் ஒட்டுங்கள்

இதை வேகமாக முடித்துவிடலாம். 1534இல் அரசர் எட்டாம் ஹென்றி திருச்சபையின் தலைவர் ஆகிறார். 1536 முதல் 1540 வரை மடங்கள் மூடப்படுகின்றன. 1547இல் இறந்தோருக்கான பூசை மானியங்கள் பறிக்கப்படுகின்றன. 1549இல் லத்தீன் போய் ஆங்கில ஜெப புத்தகம் வருகிறது. 1553இல் கத்தோலிக்க அரசி மேரி வந்து எல்லாவற்றையும் பழையபடி திருப்புகிறார். 1558இல் அவர் இறக்க, 1559இல் அடுத்த அரசி எலிசபெத் மறுபடியும் புராட்டஸ்டன்ட் பக்கம் திருப்புகிறார். 1642இல் உள்நாட்டுப் போர், 1660இல் அரசர் ஆட்சி மறுபடி வருகிறது. 1662இல் ஜெப புத்தகத்தை முழுதாக ஏற்காத குருமார் வெளியேற்றப்படுகிறார்கள். 1689இல் அரசுத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டன்ட் மாற்றுச் சபையார் தனியாகக் கூடி வழிபட அனுமதி, 1829இல் கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றத்தின் கதவு.

இதை மனப்பாடம் செய்யச் சொல்வது பரீட்சைக்காக அல்ல. ஒவ்வொரு சட்டமும் ஒரு வகைக் காகிதத்தைப் பெற்றெடுக்கிறது. சட்டம் தெரிந்தால் எந்த வருடத்தில் எந்தக் காகிதத்தைத் தேடுவது என்று தெரியும்.

படி 3: ஆவணம் ஏன் பிறந்தது என்று கேளுங்கள்

பதிவேடு: 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ரோம்வெல் போட்ட உத்தரவு. வாரந்தோறும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதிப் பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். பல ஊர்களில் பதிவேடு 1558இல் தொடங்குவதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். பழைய தாள்களைத் தோலில் படியெடுக்கச் சொல்லி 1598இல் உத்தரவு வந்தது. குறிப்பாக எலிசபெத் பட்டமேறிய வருடத்திலிருந்து எடுத்தால் போதும் என்ற அர்த்தத்தில் ஒரு வாசகம் அதில் இருந்தது. சோம்பேறி எழுத்தர்கள் அந்த வாசகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் நீங்கள் படிப்பது மூலம் அல்ல, நாற்பது வருடம் கழித்து எடுத்த படி. ஒரே கையெழுத்து பக்கம் பக்கமாக ஓடினால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. அதில் இருப்பது பிறப்பு அல்ல, ஞானஸ்நானம். க்வேக்கர்கள், பாப்டிஸ்டுகள் என்ற மாற்றுச் சபையார் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். ஒரு ஊரில் 1670களில் ஞானஸ்நானம் குறைந்தால் ஜனத்தொகை குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள். மாற்றுச் சபை வளர்ந்திருக்கலாம். கல்யாணத்தை எடுத்துக்கொண்டால், மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தோ லைசென்ஸ் வாங்கியோ கோயிலில்தான் நடக்க வேண்டும் என்பது 1754 மார்ச் 25இலிருந்து சட்டப்படிக் கட்டாயம். யூதர்களுக்கும் க்வேக்கர்களுக்கும் மட்டும் விலக்கு. அதற்கு முன்னால் பதிவேட்டில் இல்லாத கல்யாணங்கள் நிறைய.

சர்ச்வார்டன் கணக்கு: ஊர்க்காரர்களே தேர்ந்தெடுக்கும் ஆட்கள், நம் தர்மகர்த்தா மாதிரி. எனக்கு எல்லா ஆவணங்களிலும் பிடித்தது இதுதான். மெழுகு, மணிக்கயிறு, கூரை ஓடு என்று சலிப்பூட்டும் பட்டியல் போலத் தெரியும். 1548இல் "சுண்ணாம்புக்கும் கூலிக்கும்" என்று ஒரு வரி வந்தால், சுவரில் பல தலைமுறையாக இருந்த புனிதர் ஓவியங்கள் அன்று மறைந்தன என்று அர்த்தம். மேரி காலத்தில் பீடம் கட்டியதற்குக் கூலி, எலிசபெத் காலத்தில் அதை இடித்ததற்குக் கூலி. கொத்தனார் ஒருவராகவே இருந்திருக்கலாம். 1566க்குப் பிறகு பயிரைக் கெடுக்கும் உயிர்களைக் கொன்றவருக்குச் சன்மானமும் இதே கணக்கில் வரும்: முள்ளெலித் தலைக்கு 2 பென்ஸ், நரித் தலைக்கு 12 பென்ஸ்.

ஏழைகள் கண்காணிப்பாளரின் கணக்கு: 1601 சட்டத்துக்குப் பிறகு ஊரில் வரி வசூலித்து விதவைக்கும் அநாதைக்கும் கொடுத்ததன் பதிவு. 1662க்குப் பிறகு, வெளியூர் ஏழையைச் சொந்தப் பாரிஷுக்கே திருப்பி அனுப்புவதற்காக அவர்களை நிறுத்தி வைத்துக் கேட்ட விசாரணைக் குறிப்புகளும் கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வேலைக்காரியின் வாழ்க்கை வரலாறு அரைப் பக்கத்தில் இருப்பது இங்கே மட்டும்தான்.

அடுப்பு வரி: 1662 முதல் 1689 வரை, அடுப்பு ஒன்றுக்கு வருடத்துக்கு 2 ஷில்லிங். பட்டியலில் ஒவ்வொரு வீட்டுக்காரர் பெயருக்கும் எதிரே அடுப்பின் எண்ணிக்கை. ஒரு அடுப்பு என்றால் பெரும்பாலும் குடிசை, எட்டு என்றால் பெரிய வீடு. ஊரின் ஏற்றத்தாழ்வை ஒரே பக்கத்தில் பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கோயிலுக்கு வராதவர்கள் பெயரைப் பிஷப் விசாரணைப் பதிவிலிருந்து எடுத்து இதோடு பொருத்தினால், முதல் படியில் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

படி 4: தேடும் இடங்கள்

முதலில் அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ஆவணக் காப்பக அட்டவணை. பிறகு லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணை. மற்ற காப்பகங்களில் இருப்பதையும் அது ஓரளவு காட்டும். அச்சில் வந்த மூலங்களுக்கு பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன். ஊரின் அடிப்படைத் தகவலுக்கு 1899இல் தொடங்கி இன்னும் முடியாத விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரி. குருவானவர் யார், எப்போது வந்தார் என்று அறிய 1540 முதல் 1835 வரையிலான இங்கிலாந்துத் திருச்சபைக் குருமார் தரவுத்தளம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாதிரிமார் பலர் தங்கள் ஊர்க் கணக்கை அச்சிட்டு வைத்துப் போயிருக்கிறார்கள். காப்புரிமை முடிந்த அவை இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடக்கும். பயன்படுத்துங்கள், ஆனால் பதிப்பாசிரியர் எதை "முக்கியமில்லை" என்று விட்டார் என்று முன்னுரையில் பாருங்கள். அவர் விட்டதில்தான் உங்கள் ஆய்வு இருக்கும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இதே வகைப் பதிவேடு நம் ஊரிலும் உண்டு. ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி ஆலயம் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது. பின்னால் மதராஸ் கவர்னரான எலைஹூ யேலின் கல்யாணம் அதே வருடமும் ராபர்ட் கிளைவின் கல்யாணம் 1753இலும் அங்கேதான் நடந்தன. மதராஸ் பதிவுகளின் படிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தெரிந்த ஊர், தெரிந்த இடப்பெயர்கள். கை பழக இதைவிடத் தோதான இடம் நமக்கு இல்லை.

படி 5: கையெழுத்து, தேதி, காசு

இந்த மூன்றில் தேறாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பதினாறாம் நூற்றாண்டு எழுத்துக்குச் செக்ரட்டரி ஹேண்ட் என்று பெயர். அதில் 'சி' (c) பார்ப்பதற்கு 'ஆர்' (r) போல இருக்கும், 'இ' (e) திரும்பிப் படுத்திருக்கும், 'எஸ்' (s) நீண்டு 'எஃப்' (f) போல ஏமாற்றும். 'தி' (the) என்ற சொல் 'யீ' (ye) என்று எழுதியது போலத் தெரியும். அதை 'தி' என்றே படிக்க வேண்டும், முன்னால் நிற்பது ஒரு பழைய எழுத்தின் எச்சம். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இதற்கு இலவசப் பாடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் சில வாரங்களில் கண் பழகும். ஒரு சொல் புரியவில்லையென்றால் அதே கை எழுதிய வேறு சொல்லில் அதே எழுத்தைத் தேடுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள், புள்ளி வைத்துவிட்டுப் போங்கள். நாளை வந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

தேதிக்கு வருவோம். 1752 வரை வருடம் மார்ச் 25இல்தான் மாறும். அரசர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது நமக்கு 1649 ஜனவரி 30. அன்றைய ஆவணத்தில் 1648. குறிப்பெடுக்கும்போது ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளுக்கு இரண்டு வருடத்தையும் சாய்கோடு போட்டு எழுதுங்கள்: 1648/49. 1752இல் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. நடுவில் 11 நாள் இல்லை. அந்த நாட்களில் பதிவு இல்லையே என்று தேடாதீர்கள். க்வேக்கர்கள் மாதப் பெயர்களைப் புறமதத்துத் தெய்வப் பெயர் என்று ஒதுக்கி எண்ணால் எழுதுவார்கள். 1752க்கு முன் அவர்களுடைய "முதல் மாதம்" மார்ச்.

அரசாட்சி ஆண்டு இன்னொரு தலைவலி. "எலிசபெத்தின் 12ஆம் ஆண்டு" என்றால் 1569 நவம்பர் 17 முதல் 1570 நவம்பர் 16 வரை. இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பியது 1660இல், ஆனால் அந்த வருடத்தை ஆவணங்கள் அவருடைய 12ஆம் ஆட்சியாண்டு என்கின்றன. தகப்பனார் தலை விழுந்த நாளிலிருந்தே மகன் அரசர் என்று கணக்கு. குடியரசாக இருந்த வருடங்களை ஒரு எண்ணாலேயே அழித்துவிட்டார்கள்.

காசு: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ரூபாய், அணா, பைசா கணக்குப் போட்ட தாத்தா வீட்டில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுப்பார். தொகைகள் ரோமன் எண்ணில் இருக்கும். கடைசிக் கோட்டுக்கு மட்டும் வால் நீட்டியிருப்பார்கள், பின்னால் யாரும் ஒரு கோடு சேர்த்துவிடக் கூடாது என்று. 6 ஷில்லிங் 8 பென்ஸ், 13 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற விநோதத் தொகைகள் அடிக்கடி வரும். விநோதம் ஒன்றுமில்லை. 13 ஷில்லிங் 4 பென்ஸ் ஒரு மார்க், மற்றது அதில் பாதி. மார்க் நாணயமாகப் புழங்கியதில்லை. கணக்கில் மட்டும் வாழ்ந்தது.

படி 6: ஒரு வரியைக் கிட்டத்தில் வைத்துப் படிப்பது

டெவன் கவுண்டியில் எக்ஸ்மூர் ஓரத்தில் மோர்பாத் என்று ஒரு கிராமம். முப்பத்துச் சொச்சம் குடும்பங்கள். கிறிஸ்டோபர் ட்ரிக்கே என்ற குருவானவர் 1520இல் வந்தார்; 1574இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஹென்றி, எட்வர்ட், மேரி, எலிசபெத் என்று நான்கு ஆட்சி, மேலே மதம் மாறி மாறி வந்தது, ஆள் மாறவில்லை. கோயில் கணக்கை அவரே எழுதி ஊர்க்கூட்டத்தில் வாசித்தார். அந்தக் கணக்கு பிழைத்திருக்கிறது.

அந்த ஊரில் புனிதர் சிலைகளுக்கு முன் எரியும் விளக்குகளுக்கு ஆட்டு மந்தை உண்டு. ஆளுக்கு ஒன்றிரண்டு கோயில் ஆடுகளைத் தங்கள் மந்தையோடு வளர்ப்பார்கள். கம்பளி விற்ற காசு விளக்குக்கு. நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு சாவா மூவாப் பேராடு கொடுத்த சோழர் கல்வெட்டைப் படித்தவருக்கு இது உடனே பிடிபடும். இதன் அர்த்தம் என்ன? அந்த விளக்கு வெறும் பக்தி அல்ல. யார் ஆடு வளர்க்கிறார், யார் கணக்குக் கொடுக்கிறார், இளைஞர்களுக்குத் தனி நிதி, கன்னிப்பெண்களுக்குத் தனி நிதி என்று ஊரின் பொறுப்புகள் அனைத்தும் அந்த விளக்கைச் சுற்றிக் கட்டப்பட்டவை. விளக்கை அணைக்கச் சொன்ன அரசாணை ஆடுகளை மட்டும் பறிக்கவில்லை. கணக்கு ஒப்படைக்க ஊர் கூடும் காரணங்களையும் பறித்தது. 1540களின் பக்கங்களில் நிதிகள் ஒவ்வொன்றாக மறைவதை நீங்களே எண்ணலாம்.

ட்ரிக்கேவுக்கு ஒரு ஆசை இருந்தது. இறந்தோர் பூசைக்கு ஒரு கறுப்பு உடுப்பு. இருபது வருடத்துக்கு மேலாகக் காசு சேர்த்தார். 1547இல் உடுப்பு வந்து சேர்ந்தது. அதே வருடம் எட்வர்டின் அரசு அந்தப் பூசைகளுக்கே முடிவு கட்டத் தொடங்கியது. கணக்கில் அவர் புலம்பவில்லை. வரவு, செலவு, அவ்வளவுதான்.

1549இல் புதிய ஜெப புத்தகத்தை எதிர்த்து டெவனும் கார்ன்வாலும் கிளர்ந்தன. மோர்பாத் கணக்கில் "கலகம்" என்ற சொல் இல்லை. ஐந்து இளைஞர்கள் புனித டேவிட் மேட்டிலுள்ள முகாமுக்குப் போக ஊர் பணம் கொடுத்ததாக மட்டும் இருக்கிறது. எக்ஸிட்டர் நகர் வாசலில் உள்ள அந்த மேட்டில் அப்போது யார் முகாமிட்டிருந்தார்கள் என்று தெரிந்தவருக்குத்தான் வரி பேசும். அரசருக்கு எதிரான கலகத்துக்கு ஆள் அனுப்பியதை ஒரு கோயில் தன் செலவுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. இடப்பெயர்களை வரைபடத்தில் தேடாமல் தாண்டிப் போகிறவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள்.

மூன்று கேள்விகளை ஒவ்வொரு வரியிடமும் கேளுங்கள்: யார் எழுதியது, யார் காதில் விழ எழுதியது, காசு யாருடையது? ட்ரிக்கே எழுதியது ஊர்க்கூட்டத்தின் காதுக்கு. அதனால் கணக்குக் காட்டுவது ஊர் என்ன செய்தது என்பதை. மனசுக்குள் என்ன நம்பியது என்பதை அதிலிருந்து உருவிவிட முடியாது.

படி 7: உயிலின் முதல் வரியில் விழாதீர்கள்

நம்பிக்கையை அளக்கும் கருவி ஒன்று கிடைத்துவிட்டது என்று ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் உயிலைப் பிடித்தார்கள். "என் ஆத்துமாவை எல்லாம் வல்ல இறைவனுக்கும் கன்னி மரியாளுக்கும் பரலோகத்துப் புனிதர் அனைவருக்கும்" என்று தொடங்கினால் பழைய மதம் (கத்தோலிக்கம்). "கிறிஸ்துவின் பாடுகளின் புண்ணியத்தால் மட்டும்" என்றால் புதிய மதம் (புராட்டஸ்டன்ட்). எண்ணினால் சதவீதம் வந்துவிடும். கேம்பிரிட்ஜ்ஷயர் கிராமங்களை ஆராய்ந்த மார்கரெட் ஸ்பஃபர்ட் 1970களில் இதில் ஓட்டை போட்டார். உயில் சொல்பவர் சாகக் கிடக்கிறார். எழுதுபவர் குருவானவரோ பள்ளி வாத்தியாரோ. ஒரே ஆள் எழுதிய உயில்கள் எல்லாம் ஒரே வாசகத்தில் தொடங்கின. நம் பத்திர எழுத்தர் "பூரண சம்மதத்துடன் சுயநினைவுடன்" என்று எழுதுவதை வைத்து விற்றவரின் மனநிலையை யாராவது ஆராய்வார்களா?

ஆகவே முதலில் சாட்சிகளின் பெயரை வைத்து எழுதியவர் யார் என்று பிரியுங்கள். பிறகு வாசகத்தை விட்டு, காசு எங்கே போகிறது என்று பாருங்கள். மெழுகுவர்த்திக்கா, பிரசங்கத்துக்கா, ஏழைக்கா, பாலத்துக்கா? 1858 வரை உயிலை உறுதிசெய்வது திருச்சபை நீதிமன்றத்தின் வேலை. அதனால் உயில்கள் பிஷப் ஆவணங்களோடு இருக்கும். வசதியானவர்களுடையவை கேன்டர்பரி உயர் நீதிமன்றத்தில் பதிவாகி, இன்று க்யூவில் உள்ளன. கூலிக்காரர்கள் உயில் எழுதுவது அபூர்வம் என்பதையும் முடிவில் ஒரு வாக்கியமாகச் சேருங்கள்.

படி 8: எண்ணிக்கை கிடைத்தால்

1676இல் ஒவ்வொரு பாரிஷிலும் திருச்சபைக்கு இணங்கியவர், கத்தோலிக்கர், மாற்றுச் சபையார் எத்தனை பேர் என்று கேட்டு வாங்கிய காம்ப்டன் கணக்கெடுப்பு இருக்கிறது. சிக்கல்: சில குருமார் பெரியவர்களை எண்ணினார்கள், சிலர் ஊரிலுள்ள அனைவரையும், சிலர் வீடுகளை. அடுப்பு வரிப் பட்டியலோடு ஒப்பிட்டு, உங்கள் ஊர்க்காரர் எதை எண்ணினார் என்று முடிவு செய்துவிட்டுத்தான் சதவீதம் போடலாம்.

1851 மார்ச் 30 ஞாயிறு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லா வழிபாட்டிடங்களிலும் தலை எண்ணினார்கள். மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 79 லட்சம். வருகைகள் ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம். ஆட்கள் அல்ல, வருகைகள். காலையும் மாலையும் போனவர் இரண்டு முறை எண்ணப்பட்டார். படிவங்களில் 100, 150, 200 என்று முழு எண்கள் அதிகம். கண் மதிப்பில் போட்டவை. தவிர, அன்று தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, வீட்டு வேலை செய்யும் பெண்கள் தாயைப் பார்க்க ஊருக்குப் போகும் நாள். சில ஊர்களில் கூடும், சில ஊர்களில் குறையும். படிவத்தின் கடைசியில் உள்ள குறிப்புக் கட்டத்தை முதலில் படியுங்கள்.

படி 9: அறிஞர்களின் சண்டையைக் கடைசியில் படியுங்கள்

முதலில் படித்தால் யாராவது ஒருவருக்குத் தொண்டராகிவிடுவீர்கள். ஏ. ஜி. டிக்கன்ஸ் 1960களில் சீர்திருத்தத்தைக் கீழிருந்து ஆதரவு பெற்ற இயக்கமாகப் பார்த்தார். 1990களில் ஈமன் டஃபி, பழைய மதம் கடைசிவரை உயிரோடும் செழிப்போடும் இருந்தது, மேலிருந்து உடைக்கப்பட்டது என்றார். மோர்பாத்தை உலகறியச் செய்தவர் அவர்தான். என் சாய்வு டஃபி பக்கம். ஆனால் மோர்பாத் டெவனில் இருக்கிறது. லண்டனிலோ எஸ்ஸெக்ஸ் துணி ஊர்களிலோ கதை வேறு.

எனக்குப் பயன்பட்டது இன்னொரு சண்டை. எஸ்ஸெக்ஸில் டெர்லிங் என்ற ஊரை ஆராய்ந்த கீத் ரைட்ஸனும் டேவிட் லெவினும், வசதியான பியூரிட்டன்கள் (கண்டிப்பான புராட்டஸ்டன்டுகள்) நீதிமன்றங்களை வைத்து ஏழைகளின் குடியையும் கூத்தையும் அடக்கினார்கள் என்று காட்டினார்கள். அதே ஸ்பஃபர்ட் திருப்பிக் கேட்டார்: பியூரிட்டன் என்ற பெயரே இல்லாத 1300களிலும் கிராமத்துப் பெரியவர்கள் இதையேதானே செய்தார்கள்? அப்படியானால் காரணம் மதமா, நிலத்துக்கும் கஞ்சிக்கும் வந்த நெருக்கடியா? உங்கள் ஊரில் தண்டனை பெற்றவர் பெயர்களை அடுப்பு வரியோடும், ஏழைப்படிக் கணக்கோடும் பொருத்திப் பார்த்தால் இந்தச் சண்டையில் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

படி 10: எழுதுவது

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாள் போடுங்கள். கணினி அட்டவணையானாலும் சரி. பெயரின் எழுத்துக்கூட்டு பத்து விதமாக வரும், மூலத்தில் உள்ளபடியே எழுதிப் பக்கத்துக் கட்டத்தில் பொதுவடிவம் கொடுங்கள். ஒவ்வொரு குறிப்போடும் காப்பகத்தின் பெயர், ஆவண எண், ஏட்டின் முன்பக்கமா பின்பக்கமா என்பது. அன்றைக்கே எழுதாவிட்டால் ஒரு வரிக்காக முழு ஏட்டையும் மறுபடி புரட்ட வேண்டியிருக்கும். நான் புரட்டியிருக்கிறேன்.

1640களிலும் 1650களிலும் பதிவேட்டில் பல ஊர்களில் ஓட்டை இருக்கும். குருவானவர் துரத்தப்பட்டிருப்பார், அல்லது படை வந்திருக்கும், அல்லது 1653 சட்டப்படி பதிவு வேலை ஊர் தேர்ந்தெடுத்த வேறொருவர் கைக்குப் போயிருக்கும். அட்டவணையில் அந்த வருடங்களைத் தவிர்த்துவிட்டு அடுத்த வருடத்தை ஒட்டிவிடாதீர்கள். வரிசையாக வருடத்தை எழுதி, கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பூஜ்யம் போடாதீர்கள், பூஜ்யம் என்றால் அந்த வருடம் அந்த ஊரில் யாரும் சாகவில்லை என்றாகிவிடும்.